பட்டம் நிரலுக்கா, இயந்திரத்துக்கா?

1995இல் ஹொங்கொங்கில் நடந்த எட்டாவது உலகக் கணினிச் சதுரங்கச் சம்பியன்ஷிப்பில் மொத்தம் ஐந்தே சுற்றுகள். நான்கு சுற்றுகள் முடிந்தபோது ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ முன்மாதிரியிடம் 3.5 புள்ளிகள் இருந்தன. கடைசி ஆட்டத்தை வென்றிருந்தால் பட்டம் அதற்கே. ஆனால் வெள்ளைக் காய்களோடு ஆடியும், சாதாரண மேசைக் கணினியில் ஓடிய ஃபிரிட்ஸ் என்ற நிரலிடம் தோற்றது. சமபுள்ளி பெற்ற இன்னொரு நிரலுடனான தீர்வாட்டத்திலும் வென்று ஃபிரிட்ஸ் சம்பியனானது. இரண்டு வருடத்துக்குள், 1997 மே மாதத்தில், மேம்படுத்தப்பட்ட டீப் புளூ மனித உலகச் சம்பியன் கஸ்பரோவையே 3.5–2.5 என வீழ்த்தியது.

சிறியது பெரியதை வென்ற கதை கேட்க இனிக்கும். ஆனால் எந்த நிரல் வலியது என்ற கேள்விக்கு ஓர் ஆட்டம் பதிலாகாது. 1974இல் ஸ்டொக்ஹோமில் நடந்த முதலாவது சம்பியன்ஷிப்பிலும் இதே குறைதான். 13 நிரல்கள், 4 சுற்றுகள். சோவியத் நாட்டின் காய்ஸா நான்கையும் வென்றது. பலமான போட்டியாளராகக் கருதப்பட்ட அமெரிக்காவின் செஸ் 4.0 நிரலை அது சந்திக்கவே இல்லை. போட்டி முடிந்தபின் இரண்டையும் தனியாக ஆடவிட்டார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

சமபலமுள்ள இரண்டு நிரல்கள் மோதுகின்றன, பாதி ஆட்டங்கள் சமநிலையாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 9 ஆட்டங்களில் 5.5–3.5 என்ற முடிவு தற்செயலாகவே அடிக்கடி வரும். 100 ஆட்டங்களில் அதே விகிதம் ஏறக்குறைய 61–39. அது தற்செயலாக வருவது மிக அரிது. மனிதர்களின் உலகச் சம்பியன்ஷிப்பில், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், சென்னையின் குகேஷ் 14 ஆட்டங்களில் 7.5–6.5 என டிங் லிரெனை வென்றார். மனிதர் களைப்பார்கள், அவர்களிடம் 100 ஆட்டங்கள் கேட்க முடியாது. நிரலுக்குக் களைப்பில்லை. ஆகவே நியாயமான நிரல் போட்டிக்கு முதல் விதி: இறுதிப் போட்டி 100 ஆட்டங்களுக்குக் குறையக்கூடாது. 2010இல் தொடங்கிய டிசெக் என்ற இணையப் போட்டி இதை நடைமுறையில் காட்டிவிட்டது. நம் இலங்கைப் பாடசாலைப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறுவதுபோல அங்கே நிரல்கள் பிரிவு பிரிவாக மேலேறி வருகின்றன.

இரண்டாவது விதி தொடக்கம் பற்றியது. உச்ச நிலை நிரல்களைச் சமமான தொடக்கத்தில் விட்டால் பெரும்பாலும் சமநிலையே மிஞ்சும். அதனால் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த தொடக்கத்தைக் கொடுத்து, அதே தொடக்கத்தை நிறம் மாற்றி இன்னொரு தடவை ஆடவிட வேண்டும். சாதகம் இருவருக்கும் ஒருமுறை கிடைக்கும். அதை யார் நன்றாகப் பயன்படுத்தினார், யார் நெருக்கடியில் தாக்குப்பிடித்தார் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது வன்பொருள். 2009இல் பம்பலோனாவில் நடந்த உலகக் கணினிச் சம்பியன்ஷிப்பில் 8 செயலிக் கோர்கள் என்று வரம்பு வைத்தார்கள். அடுத்த வருடம் அதைத் தளர்த்தி, சமமான கணினிகளில் நடக்கும் மென்பொருள் சம்பியன்ஷிப்பைத் தனியாகத் தொடங்கினார்கள். இன்று சில நிரல்கள் சாதாரணச் செயலியிலும் சில கிராஃபிக்ஸ் அட்டையிலும் ஓடுகின்றன. இரண்டையும் விலையால் சமப்படுத்த முடியாது. வரியும் நாணய மதிப்பும் நாட்டுக்கு நாடு வேறு. செலவாகும் மின்சாரத்தை அளவாக வைக்கலாம். ஒரு வாட் எங்கும் ஒரு வாட்தான்.

2017இல் அல்பாஸீரோ என்ற நிரல் 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமநிலை என்று ஸ்டொக்ஃபிஷ் என்ற நிரலை வென்றபோது, ஸ்டொக்ஃபிஷ்ஷுக்குக் கொடுத்த நினைவகம் போதாது, நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற நேரக்கட்டு பொருந்தாது என்று கண்டனம் எழுந்தது. 2018இல் நிபந்தனைகளைத் திருத்தி 1000 ஆட்டங்கள் ஆடவிட்டார்கள். 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை சமநிலை. இந்த முடிவைச் சந்தேகிப்பது கடினம். நியாயமான விதி வென்றவருக்கும் உதவுகிறது.

நான்காவது, நிரலின் பூர்வீகம். அடுத்தடுத்து உலகப் பட்டங்கள் வென்ற ரிப்கா என்ற நிரல், பிறர் நிரல்களிலிருந்து எடுத்து எழுதப்பட்டது என்று 2011இல் முடிவுசெய்து அதன் பட்டங்களைப் பறித்தார்கள். இடையில் நேர்மையாக ஆடி இரண்டாம் இடத்தோடு திரும்பியவர்களுக்கு அந்த மேடையை யார் திருப்பிக் கொடுப்பது? மூலநிரலை நடுவர் குழு போட்டிக்கு முன்பே இரகசியமாகப் பரிசோதிக்க வேண்டும்.

ஐந்தாவது விதிதான் எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். ஸ்டொக்ஃபிஷ் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. பளையில் ஒரு கைபேசி வைத்திருக்கும் பிள்ளையும் உலகின் தலைசிறந்த நிரலோடு ஆடலாம். அது எழுதப்பட்ட விதத்தைத் திறந்து படிக்கலாம். ஆனால் தானே ஒரு நிரல் எழுதி உலக அரங்குக்குக் கொண்டுபோக விசாவும் விமானச் சீட்டும் விலை கூடிய கணினியும் வேண்டுமென்றால், அந்தப் போட்டி உலகச் சம்பியன்ஷிப் அல்ல, வசதியுள்ளவர்களின் சம்பியன்ஷிப். நிரலை அனுப்பினால் போதும், அமைப்பாளரின் கணினியில் ஓடட்டும்.

இதைத் தொடங்க உலக அமைப்புகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஓர் அறை, ஒரு கணினி, மேலே சொன்ன ஐந்து விதிகள் போதும். மாணவர் போட்டியொன்றை அங்கே நடத்தலாம். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் வன்னிப் பிள்ளைகளையும் அதற்கு அழைக்க வேண்டும். அவர்களின் முதல் நிரல்கள் தோற்கும். ஏன் தோற்றன என்பதை 100 ஆட்டங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.