பெயருக்கும் இலக்கணம் உண்டு

'பாகுபலி' 2015-இல் வெளிவந்தபோது, காலகேயர்கள் பேசிய கிளிக்கி வெறும் கூச்சல் என்றே பலர் நினைத்தார்கள். அது கூச்சல் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் குழந்தைகளோடு விளையாட்டாக உருவாக்கிய மொழியை, மதன் கார்க்கி இந்தப் படத்துக்காகச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளுமாக வளர்த்தெடுத்தார். 'மின்' என்றால் நான். அதே ஒலிகளைத் திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது நீ. இப்படி விதி இருந்ததால்தான் அந்தப் பேச்சு மிரட்டியது.

மொழிக்குக் காட்டும் இந்த அக்கறையை நம் சரித்திர, மாயக் கதைகள் பெயருக்குக் காட்டுவதில்லை. அரசன் என்றால் ஒரு 'வர்மன்', அரசி என்றால் ஒரு 'தேவி' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஆள் எந்த ஊர், என்ன தொழில், யார் கொடுத்த பட்டம் என்று எதுவும் தெரிவதில்லை. மாயக் கதை எழுத்தாளர் டோல்கீன் முதலில் மொழிகளைத்தான் உருவாக்கினார். ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் அவற்றிலிருந்து பிறந்தன.

நமக்கு அவ்வளவு பாடுகூட வேண்டாம். விதிகள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கின்றன. முதலாம் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டுகளைத் தேர்தலுக்காக மட்டுமே பேசுகிறோம். அவற்றில் வரும் பெயர்களையும் பார்க்க வேண்டும். 919-இல் அரசாணையோடு வந்தவர் தத்தனூர் மூவேந்த வேளான்: முன்னால் ஊர், பின்னால் சோழர் தந்த பட்டம். 921-இல் வந்தவர் சோமாசிபெருமான். அவர் பெயரோடு வரும் 'கிரமவித்தன்' வேதத்தைக் கிரம முறையில் ஓதத் தெரிந்தவர் என்று சொல்கிறது. 'சோமாசி' சோமயாகம் செய்ததைச் சொல்கிறது. ஆளைப் பார்க்காமலே அவருடைய படிப்பும் மதிப்பும் தெரிந்துவிடுகின்றன. இவ்வூர் ஏரிக்குக்கூட வயிரமேகத் தடாகம் என்று ஒரு பல்லவ அரசனின் பட்டப்பெயர்தான்.

கல்கி இந்தச் சூட்சுமம் அறிந்தவர். அவர் நாவலில் வரும் வந்தியத்தேவன் கல்வெட்டில் உள்ள பெயர்; ஆழ்வார்க்கடியான் அவரது கற்பனை. ஆனாலும் அந்தக் கற்பனைப் பெயர் வைணவர் பெயரிடும் வழக்கத்தை ஒட்டி அமைந்ததால் இரண்டும் ஒரே ஊர்க்காரர்களின் பெயர்களாக ஒலிக்கின்றன.

புதிய உலகம் படைக்க விரும்பும் இளம் எழுத்தாளர்களே, காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி ஒருமுறை உத்திரமேரூருக்கு வாருங்கள். அந்தச் சுவரில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு உங்கள் நாயகனுக்குப் பெயர் வையுங்கள்.