சோபாவுக்கு ஃப்ரீ சைஸ் கிடையாது

போன தை மாசம் அக்காவைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு வீடே பரபரப்பா இருந்துச்சு. பிரச்சினை எங்க ஹால் சோபா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின மூணு சீட்டர். நாங்க ரெக்சின்னுதான் சொல்வோம், ஆனா துணி மேல இருக்கிறது பாலியூரித்தேன் பூச்சு. கடலோர ஊரோட வெக்கையும் ஈரக் காத்தும் சேர்ந்தா அந்தப் பூச்சு தானாகவே சிதையும். பாலிமர் பாடத்துல ஹைட்ராலிசிஸ்னு படிச்சோமே, அதேதான். உட்கார்ந்து எழுந்தா வேட்டியில கறுப்புச் செதில் ஒட்டும்.

நான்தான் ஹீரோ மாதிரி ஆன்லைன்ல எலாஸ்டிக் கவர் ஒண்ணு ஆர்டர் போட்டேன். எல்லா மூணு சீட்டருக்கும் பொருந்தும்னு போட்டிருந்துச்சு. மாட்டினப்ப சூப்பர். மாப்பிள்ளையோட பெரியப்பா உட்கார்ந்தார். எழுந்தார். கவரும் அவரோட பாதி எழுந்து வந்துச்சு. இடுக்குல செருகியிருந்த ஸ்பாஞ்சுக் குழாய் ஒண்ணு உருண்டு காபி டம்ளர்கிட்ட போய் நின்னுச்சு. அம்மா முகத்தைப் பார்க்க முடியலை. (சம்பந்தம் முடிவாயிடுச்சு, அது வேற விஷயம்.)

அதனால என் கருத்து: ஃப்ரீ சைஸ் சோபா கவர் வாங்காதீங்க, தைக்கக் கொடுங்க. தைக்கிறவங்க கேட்கிற கூலியைப் பேரம் பேசாம கொடுங்க.

அந்தக் கவர் ஏன் நிக்கலைன்னு நாமளே யோசிச்சிருக்கலாம். அது பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த பின்னல் துணி. இழுத்து மாட்டினா பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். சீட்டும் முதுகும் சேர்ற பள்ளத்துல அது படியாது, நேர்கோட்டுல பாலம் மாதிரி நிக்கும். அதைப் பிடிச்சு வைக்கிறது உராய்வும் அந்த ஸ்பாஞ்சுக் குழாயும் மட்டும்தான். வழவழ ரெக்சின் மேல என்ன உராய்வு இருக்கப் போகுது? இதுல ஆள் உட்கார்ந்தா ஃபோம் ரெண்டு, மூணு அங்குலம் கீழே போகும், துணியையும் கூடவே இழுக்கும். மரக் கைப்பிடி வச்ச சோபான்னா கேட்கவே வேண்டாம், அந்தக் கவரெல்லாம் பஞ்சு வச்ச கைக்குத் தைச்சது.

நிச்சயதார்த்தத்துக்கு மூணு வாரம் இருந்துச்சு. எதிர்த் தெருவில ஜாக்கெட் தைக்கிற டெய்லர் அக்காவைக் கூப்பிட்டோம். டேப், சாக்பீஸ், குண்டூசி டப்பாவோட வந்தாங்க. வந்ததும் அளவு எடுக்கலை. "தம்பி, நீ முதல்ல உட்காரு. ஆள் உட்கார்ந்தாத்தான் எவ்வளவு துணி வேணும்னு தெரியும்"னாங்க. ஃபர்ஸ்ட் இயர் கிராபிக்ஸ்ல கூம்பையும் பட்டகத்தையும் விரிச்சு விரிச்சு வரைஞ்சோம். அது மேல யாராவது உட்கார்ந்தா என்ன ஆகும்னு ஒரு நாளும் கேட்டதில்லை. லோடு போட்ட நிலைக்கு டிசைன் பண்ணணும்னு எனக்குப் புரிய வச்சது அந்த டேப்தான். சீட்டோட மூணு பக்க இடுக்குலயும் உள்ளே செருக அஞ்சு அங்குலம் கூடுதலா விட்டாங்க. உட்கார்றப்ப அந்தத் துணிதான் வெளியே வந்து கொடுக்கும், எழுந்ததும் கையால திரும்பத் தள்ளிவிட்டா போதும்.

நல்ல துணியில கத்தரி வைக்கிறதுக்கு முன்னாடி காடாத்துணியில ஒத்திகை. துணியை உள்பக்கம் வெளியே தெரியுற மாதிரி சோபா மேல போட்டு, ஊசி குத்திக்கிட்டே வெட்டினாங்க. இடது கை மட்டும் ஒரு அங்குலம் இறங்கியிருந்துச்சு, அப்பா சாயுற பக்கம். துணியைத் திருப்பினா இடது துண்டு வலதுக்குப் போயிடும்ல? அதனால கைத் துண்டு ரெண்டை மட்டும் நல்ல பக்கம் வெளியே வச்சே குத்தினாங்க. நான் வாயைப் பிளந்துட்டேன்.

துணி, காட்டன் கேன்வாஸ், 54 அங்குல அகலத்துல 9 மீட்டர். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊறவச்சு காயவைக்கச் சொன்னாங்க. காட்டன் 4 சதவீதம் சுருங்கினாலே 80 அங்குலத்துல 3 அங்குலத்துக்கு மேல போயிடும், அப்புறம் முதல் சலவையோட கவர் சோபாவில ஏறாது. குஷனுக்குத் தனித்தனியா ஜிப் வச்ச உறை, குஷனைவிட அரை அங்குலம் சின்னதா. தளர்வா தைச்சா சுருக்கம் விழுமாம்.

ரெண்டு நாள் வேலைக்குக் கூலி 1,200 கேட்டாங்க. "ஜாக்கெட் தைக்கிறவங்களுக்கு இவ்வளவா?"ன்னு அப்பா 1,000-க்குக் கொண்டுவந்தார். வழுக்கி விழுந்த கவருக்கு 1,499 கட்டினப்ப ஒரு வார்த்தை பேசலை. போன் ஸ்கிரீன்ல இருக்கிற விலைகிட்ட நாம பேரம் பேச மாட்டோம், வாசல்ல நிக்கிற மனுஷங்ககிட்ட மட்டும் பேசுவோம். எனக்கு அதுதான் எரிச்சல். குறைச்ச 200-ஐ நான் தனியா போய்க் கொடுத்தேன். அதைப் பெருமையா சொல்லலை, அப்பா முன்னாடி வாயைத் திறக்காம இருந்ததுக்கு அபராதம்னு வச்சுக்கோங்க.

துணியும் கூலியும் சேர்த்தா எலாஸ்டிக் கவரைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, மறைக்கலை. ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்க ஓனரோட சோபாவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், கனமான போர்வையை நல்லா உள்ளே செருகினா போதும். உட்கார்ந்தா பலகை தட்டுதுன்னா முதல்ல ஃபோம் மாத்துங்க, எந்தக் கவரும் அதைக் காப்பாத்தாது.

எங்க வீட்டுக் கவர் மூணு சலவை பார்த்துடுச்சு, இன்னும் அளவு மாறலை. இப்ப நம்ம ஹாஸ்டல் டிவி ரூம் சோபாவையும் அளந்து வச்சிருக்கேன்: 78 அங்குலம், ரெண்டு கையும் மரம், நடுக் குஷன் கிழிஞ்சது யாரால்னு எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு 50 ரூபாய் போடத் தயாரா இருக்கிறவங்க ரூமுக்கு வந்து பேரைக் கொடுங்க, கூலியும் சேர்த்துத்தான் கணக்கு.