கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு

இருபது ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த விதித் திருத்தம் இது. 2022 ஏப்ரலில் 600 ரூபாயை 5,000 ஆக்கினார்கள். இப்போது அதுவும் இரட்டிப்பாகிவிட்டது. மெக்கானிக் சங்கங்கள் நம்மிடம் கருத்துக் கேட்டு எழுதியிருக்கின்றன. இந்த இதழின் நிலைப்பாட்டை மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம்: கட்டணம் உயர்த்துவது அரசின் உரிமை; காரின் வயதை மட்டும் பார்த்து உயர்த்தியது தவறு.

ஐந்தாண்டுக்கு இரண்டு முறை கூலண்ட் மாற்றி, பெல்ட்டும் ஹோஸும் காலத்தில் போட்டு வைத்திருக்கும் 2005 ஆல்ட்டோவுக்கும், போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் முழுக்கச் செங்கல் நிறச் சேறு படிந்த 2005 ஆல்ட்டோவுக்கும் ஒரே கட்டணம். பராமரித்தவருக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி கிடையாது. பழைய வண்டியை வைத்திருப்பதையே செலவாக்கி, கழிக்கும் நிலையத்துக்குத் தள்ளுவதுதான் நோக்கம். அது வெளிப்படையாகவே தெரிகிறது.

இதுவரை நடந்த பேச்செல்லாம் உரிமையாளரின் பையைப் பற்றியது. பட்டறையில் என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாம் கேட்போம். ஆர்டிஓ ஆபீசில் பத்தாயிரம் கட்டியவர் அடுத்த மாதம் நம்மிடம் வருவார். "வண்டி சூடு ஏறுது, பெரிய செலவு வைக்காம முடிச்சுக் குடுங்கண்ணே" என்பார். செலவை எதில் குறைப்பது? பாகத்தின் விலை கடைக்காரர் கையில். லேத் கூலி லேத்காரர் கையில். மிச்சம் இருப்பது நம் கூலி. அதிலும் முதலில் வெட்டுப்படுவது எது என்று நம் எல்லோருக்கும் தெரியும்: பழுது எங்கே என்று தேடுவதற்கான கூலி.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் டேங்க் வாரத்துக்கு அரை லிட்டர் இறங்குகிறது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஃபேன் சரியான நேரத்தில் சுற்றுகிறது. இந்த விவரத்தைப் போனில் கேட்டவுடன் பத்தில் எட்டுப் பட்டறையில் வரும் பதில், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இறக்கிடலாம்."

இறக்க வேண்டாம். ஆறிய எஞ்சினில் முதலில் மூடியைக் கழற்றி டெஸ்டரில் வையுங்கள். 0.9 பார் என்று அச்சிட்ட மூடி 0.4-லேயே விட்டுவிடும். 0.9 பார் நிற்கும் சிஸ்டத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் பாதியானால் அந்தக் காப்பும் பாதியாகிவிடும். அடுத்து ரேடியேட்டரில் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். முள் மெல்ல இறங்கும். ஹோஸ் மூட்டு, ஹீட்டர் குழாய், முன்சீட்டுக் கால்மிதியடியின் அடிப்பக்கம் எல்லாம் காய்ந்திருக்கும். டார்ச்சை வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னால் அடித்துப் பாருங்கள்: வீப் ஹோலுக்குக் கீழே விரல் அகலத்துக்கு வெளிர்பச்சைப் பொருக்கு. ஓடும்போது கசிவது சூட்டில் அங்கேயே காய்ந்துவிடுகிறது. அதனால்தான் தரையில் சொட்டு விழவில்லை. கடைசியாக, சந்தேகம் தீர ஒரு பிளாக் டெஸ்ட். நீலத் திரவம் நீலமாகவே நின்றால் எரிவாயு கூலண்டுக்குள் வரவில்லை. மஞ்சளாக மாறினால்தான் ஹெட்டைப் பற்றிப் பேச்சு.

முடிவு: ஒரு மூடி, ஒரு வாட்டர் பம்ப், சரியான அளவில் கலந்த கூலண்ட். ஹெட்டில் கைவைக்கவில்லை. இந்த வேலையில் விலை உள்ளது எது? மூடியும் பம்பும் யார் வேண்டுமானாலும் மாட்டக்கூடியவை. ஹெட் தப்பியது அந்த ஒன்றரை மணி நேரத் தேடலால். ஆனால் பில்லில் அதற்கு ஒரு வரி இல்லை. ஹெட்டை இறக்கியிருந்தால் கூலி, கேஸ்கெட், ஃபேசிங் என்று நாலு வரி வந்திருக்கும். சரியாகக் கண்டுபிடித்தவர் குறைவாகச் சம்பாதிக்கிறார். தப்பாகக் கண்டுபிடித்தவர் நிறையச் சம்பாதிக்கிறார். இந்தத் தொழிலின் நோய் இதுதான் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது.

தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில் குறுக்குவழி வளரும். ரேடியேட்டரில் எம்-சீல், தண்ணீரில் மஞ்சள்தூள், ஃபேனுக்கு டைரக்ட் கனெக்‌ஷன். இவற்றுக்கெல்லாம் தலைமையானது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்ற வசனத்தோடு எத்தனை லட்சம் தெர்மோஸ்டாட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்! 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும் வால்வுக்கும் வெளியே அடிக்கும் 40 டிகிரி வெயிலுக்கும் என்ன தொடர்பு? கழற்றிய வண்டியில் எஞ்சின் சூடே ஏறவில்லை என்று இசிஎம் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆயில் கெடும், போர் தேயும். தெர்மோஸ்டாட்டே பைபாஸ் வழியையும் அடைக்கும் அமைப்புள்ள எஞ்சின்களில் நிலைமை இன்னும் மோசம்: வால்வு போனதும் பைபாஸ் திறந்தே கிடக்கும், சூடான கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குள் திரும்பிச் சுற்றும். ஊருக்குள் ஓடும்வரை தெரியாது. ஏற்காடு ஏற்றத்தில் ஏசி போட்டு நாலு பேர் ஏறினால் தெரியும்.

அப்போதும் முள்ளை நம்ப முடியாது. கூலண்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் தொங்கும், முள் கீழே இறங்கும். ஓட்டுபவர் "ஆறிடுச்சு" என்று நினைத்து இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டுவார். அலுமினிய ஹெட்டில் 0.05 மில்லிமீட்டர் வளைவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும் எஞ்சின்களுக்கு அந்தப் பத்து கிலோமீட்டர் போதும். முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தவர் பெயர் எந்த பில்லிலும் இருக்காது.

இந்தக் குறுக்குவழிப் பழக்கத்துக்கு நமக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் நமக்கு மட்டும்தானா? கழித்துவிட்டுப் புது வண்டி வாங்குபவருக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று 2021-லேயே விதி போட்டவர்கள், பழுது பார்த்து ஒழுங்காக வைத்திருப்பவருக்கு என்ன தந்தார்கள்? தேடும் கூலியை நேர்மையாக பில்லில் போட்டால் அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. பழுதுபார்க்கும் உரிமை என்று 2022 டிசம்பரில் இணையதளம் திறந்தார்கள். தயாரிப்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இன்னும் வரவில்லை. இருபது ஆண்டு வண்டியின் வயரிங் படத்துக்கும் டார்க் அளவுக்கும் இன்றைக்கும் நாம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வண்டி பழசானால் அபராதம் போல ஒரு கட்டணம். அந்தப் பழசைப் பாதுகாப்பாக ஓடவைக்கும் கைக்கு ஒரு பிரஷர் டெஸ்டர் வாங்கக்கூட மானியம் கிடையாது. மெக்கானிக் என்ற ஒரு தொழிலாளி இருப்பதே விதி எழுதுபவர்கள் நினைவுக்கு வருவதில்லை. நடைபாதையை மறித்ததாக நோட்டீஸ் ஒட்டும்போது மட்டும் வருகிறது.

ஆகவே சங்கங்கள் அனுப்பும் மனுவில் கட்டணத்தைக் குறையுங்கள் என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட வேண்டாம். வண்டியின் நிலையைச் சோதித்து எழுதிய அறிக்கை இருந்தால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும். பயிற்சி பெற்ற சிறு பட்டறைகளும் அந்த அறிக்கையைத் தர வழி வேண்டும். அந்த அறிக்கையில் கூலிங் சிஸ்டத்தின் அழுத்தச் சோதனையும் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் கேளுங்கள்.

டெல்லியில் இருந்து பதில் வரும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சூடு ஏறுகிறது என்று வரும் ஒவ்வொரு வண்டிக்கும் பில்லின் முதல் வரியாகச் சோதனைக் கூலி என்று எழுதுங்கள். அதன் கீழே மூடி எத்தனை பாரில் விட்டது, கால் மணியில் அழுத்தம் எவ்வளவு இறங்கியது, பிளாக் டெஸ்டில் நிறம் மாறியதா, தெர்மோஸ்டாட் இருக்கிறதா இல்லையா என்பதைக் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள். வண்டிக்காரர் பேரம் பேசத்தான் செய்வார். பாகத்தில் வரும் லாபத்தில் ஐம்பது நூறு விட்டுக்கொடுங்கள். அந்த முதல் வரியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.