யூதத் துவேஷமும் ராஜ்யச் சட்டமும்

கலிபோர்னியா ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களில் யூதப் பிள்ளைகளுக்கு நேரும் அவமதிப்பைத் தடுக்கும் பொருட்டு, 2025-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அந்த ராஜ்யத்தின் கவர்னர் கவின் நியூஸம் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். யூதத் துவேஷத் தடுப்புக்கென்றே ஓர் அதிகாரியைக் கவர்னர் நியமிக்க வேண்டுமென்று அந்தச் சட்டம் விதிக்கிறது. யூத ஸ்தாபனங்கள் பல இதை வரவேற்றன. ஆசிரியர் சங்கமும், அராபிய, முஸ்லிம் ஸ்தாபனங்களும் பலமாக ஆக்ஷேபித்தன. துவேஷம் மனத்திலே குடியிருப்பது; சட்டமோ மனிதனுடைய கையைப் பிடிக்க வல்லதேயன்றி மனத்தைப் பிடிக்க வல்லதன்று. அப்படியிருக்க, இவ்விஷயத்தில் ராஜ்யச் சட்டத்தினால் ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்று நாம் விசாரிப்பது அவசியமாகிறது.

இவ்விசாரணைக்கு நியூயார்க் ராஜ்யத்தின் சரித்திரத்தைவிடச் சிறந்த சாக்ஷியம் இல்லை. 1877-ம் வருஷம் ஜோஸப் ஸெலிக்மன் என்ற பெரிய பாங்கர் தம் குடும்பத்தாருடன் ஸாரடோகா என்னும் வாசஸ்தலத்திலுள்ள கிராண்ட் யூனியன் ஹோட்டலுக்குச் சென்றார். யூதர்களுக்கு அங்கே இடமில்லையென்று சொல்லித் திருப்பியனுப்பி விட்டார்கள். உள்நாட்டு யுத்த காலத்தில் அமெரிக்க சர்க்காரின் கடன் பத்திரங்களை ஐரோப்பாவில் விற்றுக் கொடுத்து உதவியவர் அவர். தேசத்துக்குச் செய்த உபகாரம் ஹோட்டல் வாசலில் செல்லவில்லை! அந்த ஹோட்டல் செய்த காரியத்தைப் பார்த்துப் பிற ஹோட்டல்களும் துணிவு பெற்றன. யூதர்களுக்கு அநுமதியில்லை என்று பத்திரிகைகளில் பகிரங்கமாக விளம்பரம் செய்வதும் வழக்கமாயிற்று.

லூயி மார்ஷல் என்ற வக்கீலின் முயற்சியால் 1913-ம் வருஷத்தில் நியூயார்க் சட்டசபை இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்தது. விளம்பரம் நின்றதா? பாஷைதான் மாறியது. 'அருகில் மாதா கோயில் உண்டு' என்று அச்சிட்டார்கள். படித்தவர்களுக்குப் பொருள் விளங்கிற்று. வார்த்தையை மட்டும் தடுக்கிற சட்டத்துக்கு இந்தக் கதிதான் நேரும். எனினும் அந்தச் சட்டத்தை வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். பகிரங்கமாகச் செய்து வந்த அவமானத்தை மறைவாகச் செய்ய நேர்ந்ததே ஒரு வெட்கத்தின் ஆரம்பமல்லவா?

உண்மையான மாறுதல் 1945-ல் வந்தது. அவ்வருஷம் மார்ச்சு மாதம் 12-ந் தேதி கவர்னர் தாமஸ் டூயி கையெழுத்திட்ட ஐவ்ஸ்-க்வின் சட்டம், ஜாதி, மதம், நிறம், பிறந்த தேசம் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு உத்தியோகம் மறுப்பதைக் குற்றமாக்கிற்று. தனிப்பட்ட முதலாளிகளையும் தொழிற் சங்கங்களையும் இப்படிக் கட்டுப்படுத்திய ராஜ்யங்களில் நியூயார்க்கே முதலாவது. ஐந்து அங்கத்தினர் கொண்ட கமிஷன் ஒன்று ஏற்பட்டது. அது வேலை செய்த முறையை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். புகார் வந்ததும் ஒரு கமிஷனர் விசாரிப்பார். நியாயம் இருப்பதாகக் கண்டால் முதலாளியை அழைத்துத் தனிமையில் பேசிச் சமரசம் செய்ய முயலுவார். அங்கே பேசியது வெளியே போகலாகாது. இணங்காவிட்டால் பகிரங்க விசாரணை. அதன் பின் உத்தரவு. உத்தரவை வேண்டுமென்றே மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 500 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரும்பாலான புகார்கள் முதற் படியிலேயே முடிவடைந்தன. ஆமை வேகம் என்று சிலர் குறை கூறினார்கள். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும், உத்தியோக விண்ணப்பத் தாள்களில் அந்தக் கமிஷன் கை வைத்ததே பெரிய காரியமென்று நாம் கருதுகிறோம். 'உன் மதம் என்ன?' 'உன் பெயரை எப்போதாவது மாற்றிக் கொண்டாயா?' என்றெல்லாம் அத்தாள்களில் கேட்டு வந்தார்கள். பெயர் மாற்றத்தைப் பற்றி எதற்காகக் கேட்டார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இக்கேள்விகள் செல்லாவென்று கமிஷன் தீர்த்துவிட்டது. யூதனை நேசிக்கும்படி அது எந்த முதலாளிக்கும் உபதேசிக்கவில்லை. யூதனா என்று கேட்கும் வாயை அடைத்தது, அவ்வளவே. 1948-ல் அதே ராஜ்யம் கலாசாலைப் பிரவேசத்துக்கும் இந்த நியாயத்தை விஸ்தரித்தது. பெரிய சர்வகலாசாலைகளில் யூத மாணவர் இத்தனை பேருக்கு மேல் கூடாதென்று இரகசியமாக வைத்திருந்த வரையறைகள் இப்படியே தளர்ந்தன.

பிறகு 1964-ம் வருஷத்து மத்திய சர்க்காரின் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதில் ஒரு விசித்திரமான ஓட்டை உண்டு. சர்க்கார் பணம் பெறும் பள்ளிக்கூடங்களைப் பற்றிய ஆறாவது பகுதியில் நிறம், இனம், பிறந்த தேசம் என்று இருக்கிறதேயன்றி மதம் என்ற சொல் இல்லை. யூதர் மதத்தாரா, இனத்தாரா என்ற கேள்வி இதனால் வக்கீல்களுக்கு ஆகாரமாயிற்று. மேரிலாண்டில் யூத ஆலயம் ஒன்றின் சுவர்களில் துவேஷச் சின்னங்களைத் தீட்டியவர்கள்மீது தொடர்ந்த வழக்கில், 1987-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி கண்டது. 1866-ல் சட்டம் செய்தவர்கள் யூதரைத் தனி இனமாக எண்ணினார்கள். ஆகவே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு என்பது தீர்ப்பு. துவேஷிகள் கட்டிய வேலியே துவேஷிக்கப்பட்டவர்களுக்கு அரணாயிற்று.

இன்று யூதருக்கு ஆபத்து இல்லையென்று சொல்பவன் கண்ணை மூடிக் கொண்டவன். 2018-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி பிட்ஸ்பர்க் ஆலயத்தில் தொழுகைக்கு வந்தவர்களில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமெரிக்க ஜனத்தொகையில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேரே யூதர். மத துவேஷக் குற்றங்களிலோ பாதிக்கு மேல் அவர்கள்மீது நிகழ்கின்றன.

ஆனால் இதற்குப் பரிகாரமாகச் சில ராஜ்யங்கள் இப்போது கையாளும் வழியில்தான் நமக்குச் சந்தேகம் தோன்றுகிறது. 2016-ல் புக்காரெஸ்டில் ஒரு சர்வதேச ஸ்தாபனம் யூதத் துவேஷத்துக்கு ஓர் இலக்கணமும் 11 உதாரணங்களும் வகுத்தது. அவற்றுள் பல இஸ்ரேல் ராஜ்யத்தைப் பற்றிய பேச்சைத் தொடுகின்றன. மற்றத் தேசங்களைப் போல் இஸ்ரேலையும் கண்டிக்கலாம் என்றும் அதில் சொல்லியிருப்பது வாஸ்தவமே. தென் கரோலினா 2018-லும், புளோரிடா 2019-லும் இவ்விலக்கணத்தைத் தழுவிக் கல்வி ஸ்தாபனங்களுக்கு விதி செய்தன. மூல வாசகத்தை எழுதுவதில் முக்கிய பங்கு கொண்ட கென்னத் ஸ்டெர்ன் என்ற யூத வக்கீலே, சம்பவங்களைக் கணக்கெடுப்பதற்காக எழுதியதைக் கலாசாலைப் பேச்சுக்கு அளவுகோலாக்குவது தவறென்று 2017-ல் அமெரிக்க காங்கிரஸின் கமிட்டி முன் சாக்ஷி சொன்னார்.

இலக்கணங்கள் நியாயஸ்தலத்தில் எப்படி வளருமென்பதை இத்தேசத்தார் அறிவார்கள். 1897-ல் திலகர் வழக்கில் ஜட்ஜ் ஸ்டிரேச்சி, ராஜத் துவேஷம் என்றால் சர்க்காரிடம் பிரியமின்மையே என்று ஜூரர்களுக்கு வியாக்கியானம் செய்தார். பிரியமில்லாத குற்றத்துக்குத் திலகர் சிறை சென்றார். ஒரு சர்க்காரைக் கண்டிப்பதும் ஒரு ஜனசமூகத்தை வெறுப்பதும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால், யதார்த்தமான யூத துவேஷியும் நியாயமான கண்டனக்காரனுக்குப் பின்னால் ஒளிந்து கொள்வான்.

இதனால் பேச்சு என்ற பெயரில் எதுவும் செய்யலாம் என்று நாம் சொல்லவில்லை. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மத்திய கோர்ட், யூத மாணவர்களுக்கு வழி மறிக்கப்படும்போது அங்குள்ள ராஜ்ய சர்வகலாசாலை சும்மா இருக்கக் கூடாதென்று தடையுத்தரவு பிறப்பித்தது. வழி மறிப்பது செய்கை. அதை அடக்க எந்த இலக்கணமும் வேண்டியதில்லை. 1945-ம் வருஷத்துச் சட்டத்தின் நோக்கமே போதும்.

கலிபோர்னியாவைப் பற்றி நம்மவர்க்கு இன்னொரு ஞாபகமும் வரும். ஜாதி வேற்றுமையைப் பெயர் சொல்லித் தடை செய்ய அந்தச் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை, இருக்கிற சட்டமே போதுமென்று கூறி 2023-ல் இதே கவர்னர்தான் நிராகரித்தார். போதுமா, போதாதா என்பதில் அவருடைய மனம் சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது போலும்.

புதிய சட்டம் புக்காரெஸ்ட் இலக்கணத்தை நேராக எழுதவில்லை. 2023-ம் வருஷம் பைடன் சர்க்கார் வெளியிட்ட யூதத் துவேஷ எதிர்ப்புத் திட்டத்தை ஆதாரமாகக் கொள்ளச் சொல்கிறது. அந்தத் திட்டமோ அவ்விலக்கணத்தை ஆதரித்து, வேறொரு வியாக்கியானத்தையும் பாராட்டுகிறது. ஆகவே பாரம் முழுவதும் நியமிக்கப்படும் அதிகாரியின் தலையில் விழுகிறது. ஒரு யூதச் சிறுமியை வகுப்பில் பரிகசித்தவனைப் பற்றிய புகாரும், காஜாவின் நிலைமையைப் பாடத்தில் விவரித்த உபாத்தியாயரைப் பற்றிய புகாரும் ஒரே தபாலில் அவர் மேஜைக்கு வரும். அவர் எதை முதலில் பிரிக்கிறார், எதற்கு எவ்வளவு நாள் எடுத்துக் கொள்கிறார் என்பதை நாம் கவனித்து வருவோம்.