ஓநாய்க் கதையை வாசிக்காமல் கண்டிக்கலாமா?



சென்ற வாரம் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம்முடைய சகோதரி ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஐயா, இதை என் மகளின் தலையணைக்கு அடியில் கண்டேன். பிள்ளைகள் ஓநாயாக மாறுகிறார்களாம். அவர்களுக்குள்ளே காதலாம். நீங்களே அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார். பதினேழு வயதான மகள் வாசற்படியருகே தலைகுனிந்து நின்றாள். நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன், புத்தி சொல்லவில்லை. "முதலில் நான் வாசிக்கிறேன், அம்மா" என்றேன். ஆயர் இவ்வளவு தயங்குவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. (அவர்கள் இருவரின் சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.)

என் தயக்கத்திற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், இரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றிய கதைகள் வாலிபரிடையே பரவியிருந்த நாட்களில், அவற்றில் ஒரு பக்கத்தையும் வாசிக்காமல் பிரசங்க பீடத்திலிருந்து கடுமையாகக் கண்டித்தேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை அப்புத்தகத்தை விரும்பி வாசித்துக்கொண்டிருந்தவள் என்பதை நான் அறிந்தே பேசினேன். அவள் சபையைவிட்டு விலகவில்லை. ஆனால் அதன்பின் என்னிடம் மனம்விட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவளுக்கு விருப்பமில்லாத ஒரு வரன் வீட்டில் நிச்சயிக்கப்பட்டபோது, உதவி தேடி அவள் போன இடம் நம் சபை அல்ல. அவள் ஏன் ஆயரிடம் வரவில்லை என்று மற்றவர்கள் வியந்தார்கள். நான் வியக்கவில்லை.

ஆகவே இம்முறை வாசித்தேன். நான்கு இரவுகள் ஆயின.

புத்தகத்தின் பெயர் 'நைட்ஷேட்'. எழுதியவர் ஆண்ட்ரியா கிரெமர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மக்கலெஸ்டர் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். 2010இல் வெளிவந்த இது அவருடைய முதல் நாவல். பெயரைப் பார்த்து அஞ்சவேண்டாம். அது ஒரு நச்சுச் செடியின் பெயர். நம் வீட்டுக் கொல்லையில் வளரும் மணத்தக்காளியும், குழம்பில் போடும் கத்தரிக்காயும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

கதை கொலராடோ மாநிலத்தின் மலைநகரமாகிய வெய்லில் நடக்கிறது. கேலா என்னும் பெண், மனித உருவிலிருந்து ஓநாய் உருவிற்கும் அங்கிருந்து மீண்டும் மனித உருவிற்கும் விரும்பியபோது மாறக்கூடிய ஒரு கூட்டத்தில் பிறந்தவள். இளைய ஓநாய்களுக்குத் தலைவி. இக்கூட்டத்தாருக்குக் 'காவலர்' என்று பெயர். இவர்களுக்கு மேலே 'கீப்பர்கள்' என்னும் எஜமானர்கள் இருக்கிறார்கள். காவலர்களின் வீடும் படிப்பும் திருமணமும் அந்த எஜமானர்களின் கையில். மற்றொரு கூட்டத்தின் தலைவனாகிய ரென் என்பவனுக்குக் கேலாவை மணமுடித்துக் கொடுப்பது என்பது எப்போதோ முடிவாகிவிட்ட காரியம். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. இந்நிலையில் மலைமேல் கரடியால் தாக்கப்பட்டுச் சாகக்கிடந்த ஷே என்னும் ஒரு மனித வாலிபனை, கட்டளையை மீறி அவள் காப்பாற்றுகிறாள். முதல் அத்தியாயமே இதுதான்.

"மனிதர் மிருகமாக மாறும் கதையைக் கிறிஸ்தவப் பிள்ளை வாசிக்கலாமா?" என்று சகோதரி கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் வேதாகமத்தில் தானியேலின் புத்தகம் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உலகத்தையே கட்டி ஆண்ட நேபுகாத்நேச்சார் மாடுகளைப்போல் புல்லைத் தின்றான். அவன் மயிர் கழுகின் இறகுகளைப்போலவும், நகங்கள் பறவைகளின் நகங்களைப்போலவும் வளர்ந்தன. அவனை மிருகநிலைக்குத் தள்ளியது மந்திரம் அன்று, அவனுடைய பெருமை. அதைச் சிறுவர் வேதபாட வகுப்பிலேயே நாம் கற்பிக்கிறோம். உருமாற்றக் கதை நமக்கு அந்நியமானதன்று.

ஓநாய் மனிதரைக் குறித்துச் சபை நடந்துகொண்ட விதத்திற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு. அது பெருமைப்படத்தக்கதாக இல்லை. 1589இல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே பேட்டர் ஸ்டும்ப் என்பவரை ஓநாய் மனிதன் என்று குற்றஞ்சாட்டி மிகக் கொடூரமாகக் கொன்றார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, இன்றைய லாத்வியாவில் தீஸ் என்னும் முதியவர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். வயது எண்பதைக் கடந்தவர். தாம் ஓநாயாக மாறுவது உண்மையே என்று அவர் தாமாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் தாமும் தம் கூட்டத்தாரும் தேவனுடைய வேட்டைநாய்கள் என்றும், சூனியக்காரர் நரகத்திற்குக் கொண்டுபோன தானியத்தை மீட்டுவர அங்கே இறங்கிப் போவதாகவும் சொன்னார். நீதிபதிகள் திகைத்தார்கள். ஊர் ஆயரை அழைத்துப் புத்தி சொல்லவைத்தார்கள். முதியவர் அசையவில்லை. கடைசியில் சவுக்கடியும் நாடுகடத்தலும் தீர்ப்பாயின. அந்த ஆயரை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். பஞ்சத்தை அறிந்த ஒரு கிழவரின் நடுங்கும் குரலில் தானியத்தைப் பற்றிய ஏக்கம் இருந்ததை அவர் கவனித்தாரா? அல்லது ஓநாய் என்ற சொல் காதில் விழுந்ததோடு அவர் செவி அடைபட்டுவிட்டதா?

நாவலுக்கு வருகிறேன். என்னை நிறுத்தி யோசிக்கவைத்தவை இரண்டு இடங்கள்.

ஒன்று, கேலாவுக்கும் ரென்னுக்கும் விதிக்கப்படும் ஒழுக்கத்தில் உள்ள வேறுபாடு. ரென் எந்தப் பெண்ணோடும் பழகலாம். அது அவன் வயதுக்குரியது. கேலாவோ திருமணநாள்வரை முத்தத்தையும் அறியலாகாது. அவளுடைய தாயே அதற்குக் காவல். இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. எஜமானர்களில் ஒருவன் தன் ஆளுகைக்குள் இருக்கும் ஒரு பெண்பிள்ளையிடம் தகாதவிதமாக நடக்கிறான். பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. வாயைத் திறந்தால் கூட்டத்தின் அமைதி கெட்டுவிடும் என்கிற பயம். வாசித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். பிரியமானவர்களே, மகன் இரவு பத்து மணிக்கு வந்தால் சோறு போட்டுத் தருகிறோம். மகள் ஆறரை மணிக்கு வந்தால் கைபேசியை வாங்கிச் சோதிக்கிறோம். அதற்குப் 'பரிசுத்தம்' என்று பெயரும் வைத்திருக்கிறோம். பரிசுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கேட்கப்பட்டதாகவே நான் வேதத்தில் வாசிக்கிறேன்.

மற்றொன்று, அந்தக் கதைக்குள்ளேயே ஒரு தடைசெய்யப்பட்ட புத்தகம் இருப்பது. காவலர்கள் அதைத் தொட்டால் மரணம். ஷேயும் கேலாவும் அதை ஒளிந்திருந்து வாசித்தபின்னரே, தங்கள் கூட்டத்தின் வரலாறு தங்களுக்குப் புரட்டிச் சொல்லப்பட்டிருப்பது தெரியவருகிறது. தலையணைக்கு அடியில் ஒளித்து வாசித்த ஒரு பெண் இந்தப் பக்கங்களை எப்படி வாசித்திருப்பாள் என்று எண்ணிப்பாருங்கள். நாம் அப்புத்தகத்தைப் பிடுங்கினால், அக்கதையில் நமக்கு எந்தப் பாத்திரம் கிடைக்கும்? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதைக்கூட அப்படியே ஏற்காமல் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் நற்குணசாலிகள் என்றே அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பவுல் அதற்காகக் கோபங்கொண்டதாக எங்கும் இல்லை.

இதைச் சொன்னதால் புத்தகத்தை நான் முழுவதும் மெச்சுவதாக எண்ணவேண்டாம். எனக்கு அதன்மேல் ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. அது ஓநாயைக் குறித்தது அன்று, காதலைக் குறித்தது.

கேலா ஓநாய்களின் நடுவே நிமிர்ந்து நிற்கும் தலைவி. ஆனால் அந்த இரண்டு வாலிபர்களில் ஒருவன் அருகே வந்தால் அவளுடைய கால்கள் தள்ளாடுகின்றன, புத்தி மங்குகிறது. அவள் 'வேண்டாம்' என்று தள்ளி நிற்கும் இடங்களிலும் அவர்கள் நெருங்கிவருகிறார்கள். கதையோ அதைக் காதலின் வேகம் என்று இனிப்பாகச் சொல்லிப் போகிறது. எஜமானர் வாங்கிக்கொண்ட அவளுடைய தீர்மானத்தை இப்போது காதலர் வாங்கிக்கொள்கிறார்கள். எது சரி, எது தவறு என்று அவள் கண்டுபிடிப்பதுகூடப் பெரும்பாலும் ஷேயின்மேல் கொண்ட மயக்கத்தின் வழியாகத்தான். ஷே அங்கே வராமற்போயிருந்தால்? அந்தப் பெண்பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநீதி அநீதியாகவே இருந்திருக்குமே. ஒரு முதல் நாவலிடம் இவ்வளவு கேட்கலாமா என்று என் மனைவி கேட்டாள். கேட்கலாம் என்றே நினைக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வியை எழுப்பியவரிடம்தானே கேட்கமுடியும்?

ஆட்டுத்தோல் போர்த்துக்கொண்டு வரும் ஓநாய்களைக் குறித்து நம் ஆண்டவர் எச்சரித்தார். கதையில் எஜமானர்கள் ஒருபோதும் ஓநாயாக மாறுவதில்லை. அழகிய உடை, மெல்லிய பேச்சு, செல்வம், பாதுகாப்புத் தருவோம் என்ற வாக்கு. எசேக்கியேல் முப்பத்துநான்காம் அதிகாரத்தில் மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்த மேய்ப்பர்களை அவர்களோடு சேர்த்து வாசித்தேன். ஆயராகிய எனக்கு அது இனிய வாசிப்பாய் இருக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை அந்தப் பிள்ளையை அவள் தாயாரோடு வரச்சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "ரென்னும் ஷேயும் நடந்துகொள்வது உனக்குச் சரியாகப் படுகிறதா?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள். "ஷே சரி என்றுதான் நினைத்தேன், ஐயா. இரண்டாம் முறை வாசித்தபோது அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்றாள். இரண்டு முறை வாசித்திருக்கிறாள்! தாயார் மகளை ஒரு புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "என் கலியாணத்திலும் என்னை யாரும் கேட்கவில்லை, ஐயா" என்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நான் தேநீர் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனேன். போனவன் சீக்கிரம் திரும்பவில்லை.

வருகிற ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வாலிபர் கூடுகை வழக்கம்போல் நடக்கும். இம்முறை இந்தப் புத்தகத்தைக் குறித்துப் பேசுகிறோம்; அந்தப் பிள்ளையே தொடங்கிவைக்கச் சம்மதித்திருக்கிறாள். பெற்றோரும் வரலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் ஐந்து அத்தியாயங்களையாவது வாசித்துவிட்டு வாருங்கள். ஆங்கிலம் கடினமாயிருந்தால் உங்கள் மகளையே அருகில் அமர்த்திச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.