காற்றே இல்லாத நாளில் கடல் ஏறுகிறது

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளையில் பருவத்தைச் சொல்வது காற்றுதான். ஆனி, ஆடியில் காற்றாலை இறக்கைகள் ஓய்வதில்லை. பிச்சிப்பூவை மூடிய ஈரத்துணிக்கு மேல் கல் வைத்தாக வேண்டும். சித்திரையில் அந்தத் தொல்லை கிடையாது. காற்று அடங்கினால் கடலும் அடங்கும் என்பது கடற்கரையே இல்லாத எங்கள் தாலுகாவின் கணக்கு. 2024 மே 6 அப்படியொரு சித்திரை நாள். கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனது. குமரிக் கரையில் அன்று புயலும் இல்லை, பெருமழையும் இல்லை.

வந்தது கள்ளக்கடல். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அதன் பிறப்பிடத்தையே சொல்லிவிட்டது. ஏப்ரல் கடைசி வாரத்தில் அட்லாண்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலின் தென்கோடிக்கு நகர்ந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு. நம் கரையிலிருந்து சுமார் 10,000 கி.மீ. தள்ளி. அங்கே அலை 11 மீட்டர் வரை எழும்பியது. குட்டி அலைகள் வழியிலேயே செத்துவிடும். பதினெட்டு, இருபது விநாடிக்கு ஒன்றாக வரும் நீண்ட அலைகள் மட்டும், மணிக்கு 50 கி.மீ. அளவிலான வேகத்தில், ஒரு வாரம்கூடத் தளராமல் வரும். நடுக்கடலில் வள்ளத்துக்கு அடியில் போனால் தெரியக்கூடத் தெரியாது. ஆழம் குறையும் இடத்தில்தான் நிமிரும். திரும்பும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போகும். கணுக்கால் தண்ணீரில் நின்றவர் அடுத்த மூச்சில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்.

வழி நீளம் என்பதால் முன்கூட்டிச் சொல்ல நாள் கிடைக்கிறது. 2005 மே மாதம் கேரளக் கரையிலும் நம் கரையிலும் கடல் ஊருக்குள் புகுந்தபோது இந்த வசதி இல்லை. பி.ஜி. ரெம்யாவும் சக இன்காய்ஸ் விஞ்ஞானிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அலைகளின் வேர் தென் அட்சரேகை 30 பாகைக்கும் தெற்கே வீசும் காற்றில் இருப்பதைக் காட்டியது. 2024 மே மாதத்தில் எச்சரிக்கை முன்பே வந்தது. வந்தும் ஐந்து உயிர் போனது.

அந்தக் காற்று வீசும் வெளியின் தெற்கு விளிம்பில்தான் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்பனி தொடங்குகிறது. பனித்தட்டு அலையை மழுக்கும். பனி பின்வாங்கினால் காற்றுக்கு ஓடியாட இடம் கூடும். 2023 பிப்ரவரியில் அந்தப் பனி 17.9 லட்சம் சதுர கி.மீ. ஆகச் சுருங்கியது. 1979இல் தொடங்கிய செயற்கைக்கோள் பதிவில் அவ்வளவு குறைவு அதுவரை இருந்ததில்லை. உடனே ‘பனி குறைந்தது, கள்ளக்கடல் பெருகியது’ என்று மேடையில் முழங்கிவிடக் கூடாது. கடல்பனி உருகுவதால் நேரடியாகக் கடல்மட்டம் ஏறிவிடுவதும் இல்லை. மிதக்கும் பனி தன் இடத்தை ஏற்கெனவே பிடித்திருக்கிறது. தொடர்பு எத்தனை வலுவானது என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்துதான் சொல்ல முடியும். எஸ்.இஸட். காசிம் தலைமையில் 1981இல் புறப்பட்ட இந்தியாவின் முதல் அண்டார்டிகப் பயணமும், பிறகு வந்த மைத்ரி, பாரதி நிலையங்களும் வீண் செலவு என்று டீக்கடையில் சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

வடதுருவக் கதை வேறு. அங்கே பேச்சு அலையைப் பற்றியதல்ல, மழையைப் பற்றியது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் கைவண்ணமான கடலை அளக்கும் இண்டார்க் கருவித்தொடர், 2014இல் நார்வேயின் ஸ்வால்பார்டில் ஒரு கடற்கழியில் இறக்கப்பட்டது. கோவா துருவ ஆய்வு மையத்தினர் 2021இல் வெளியிட்ட கட்டுரை, காரா கடலில் கோடைப்பனி குறைவதையும் செப்டம்பரில் மத்திய இந்தியாவில் கொட்டும் பெருமழையையும் இணைத்தது. மத்திய இந்தியாவுக்குச் சொன்னதைக் எங்கள் கன்னிப்பூ நெல் அறுவடைக்கும் பொருத்திப் பார்க்க ஆசைதான். ஆதாரம் அவ்வளவு தூரம் வராது.

நம் கரைக்கு வருவோம். குமரிக் கடலோரத்தில் தேர்தல் வாக்குறுதி என்றால், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவுதான். வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது அதைக் கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஊரின் தூண்டில் வளைவு பிடித்து வைக்கும் மணல், அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல். அடுத்த ஊரும் கல் கேட்கிறது. தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருப்பதாக தேசியக் கடலோர ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. பழையாறு கடலில் சேரும் மணக்குடியின் அலையாத்திக் காடு, கழியோரத்தைக் காக்கும். திறந்த கரையில் வரும் கள்ளக்கடலுக்கு அது பதில் ஆகாது. அங்கே காவல், அடும்பு படர்ந்த மணல்மேடுதான். சுற்றுலாவுக்கு என்று முதலில் மட்டப்படுத்துவதும் அதைத்தான்.

கணபதிபுரத்துக்குப் பக்கத்திலேயே, ராஜாக்கமங்கலத்தில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களிடம் லெமூர் கரையின் மணல்மேட்டை மாதந்தோறும் அளக்கும் வேலையைக் கொடுக்கலாம். எச்சரிக்கை வரும் நாளில், எத்தனை மணி ஏற்றத்தில் எந்தத் துறைக்குள் தண்ணீர் வரும் என்று ஊர்ப்பெயர் சொல்லி அவர்களையே எழுதச் சொல்லலாம். இப்போது வரும் அறிவிப்பில் இருப்பது அலையின் உயரம் போன்ற பொது விவரம்தான். வெளியூரிலிருந்து வந்து மணலில் நிற்பவருக்கு அது எதையும் சொல்லாது. இதற்கு ஆகும் செலவு, ஒரு தூண்டில் வளைவுக்கு லாரியில் வந்து இறங்கும் கல்லின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.