அரிசியும் அவகாசமும்

வரவறிந்து மளிகைச் செலவு செய்யுங்கள் என்று ஏழைகளுக்கு உபதேசிப்போர் பலர். சங்ககிரியில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கணக்குத் தெரியாமலில்லை, அவகாசந்தான் இல்லை.

கள்ளுக்கடைக்குப் போகும் கூலி அடுப்படிக்குத் திரும்பவேண்டுமென்றே ராஜாஜி மந்திரிசபை 1937 அக்டோபர் 1-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல் செய்தது. 2011 ஜூனில் ரேஷன் அரிசி இலவசமாயிற்று. ஆயினும், கார்டிலுள்ள ஒருவர் நேரில் சென்று கைரேகை வைக்கவேண்டும். வேலை நேரத்தில் மட்டும் கடை திறந்திருந்தால், அந்த அரிசிக்கு அரை நாட் கூலியே விலையாகிறது. கூலியை இழக்க இயலாதவர் இரவில் தெருக்கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாகக் கடனுக்கு வாங்குகிறார். மாதக் கணக்கு பத்தாம் தேதியே குலைகிறது.

முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீடுதேடிப் பொருள் வழங்க, 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டதை வரவேற்கிறோம். உழைப்பாளியின் நேரத்துக்கும் அந்த மதிப்பு வேண்டாமா? வாரத்தில் இரண்டு நாட்களேனும் இரவு எட்டரை மணி வரை ரேஷன் கடைகள் திறந்திருக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம்.

ஊழியர்களுக்கு அதற்கீடாகப் பகலில் ஓய்வளிப்பது நியாயம். ஆண்மக்களுக்கும் ஒரு சொல்: ஜாபிதா எழுதுவதும் பை சுமப்பதும் பெண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட வேலையன்று.